நாலு ஜி.பி. வயித்தெரிச்சல்

கண்ணு,

பழனி மலை எறங்கி, ஊடு வந்து, காலுக்கு வெந்நி ஊத்திக்கிட்டு, உன் மாமியார் போடற சோத்தையும் தின்னு முடிச்சிட்டு இதைப் படி. பசியோட படிச்சா கோவம் வரும். போன்லயே சொல்லியிருக்கலாம். ஆனா போன்ல நான் பேச ஆரம்பிச்சா கடைசியில உன்னைத் திட்டித்தான் வைப்பேன்னு உங்கப்பா சொல்றார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அதனால கட்டிங் டேபிள் மேல உக்காந்து, பழைய ஆர்டர் பேப்பரைத் திருப்பிப் போட்டு எழுதறேன். மூணு நாளா எழுதறேன். இதை உன் பொண்டாட்டி கௌசியும் படிக்கட்டும், உன் மாமியாரும் படிக்கட்டும், இன்னும் ஆரு வேணும்னாலும் படிக்கட்டும். ஒளிச்சு வச்சு வச்சுத்தான் இந்த நெலமைக்கு வந்திருக்கேன்.

மொதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். எனக்கு உன் மாமியார் மேல பொறாமை. சும்மா பேச்சுக்குச் சொல்லல. நல்லா வயிறு எரியற பொறாமை. உன் கல்யாணம் முடிஞ்சு ஒன்றரை வருசமாச்சு, அன்னையிலிருந்து இருக்கு. முதலிபாளையத்துல நம்ம ஊடு இத்தனை பெருசா கெடக்குது, நீ குன்னத்தூர்ல மாமியார் ஊட்டுக்குப் பக்கத்து வீதியில வாடகைக்குப் போயிட்ட. கௌசி வேலைக்குப் போறதுக்கு அதுதான் தோதுன்னு சொன்ன, சரின்னேன். ஆனா பார்க்கறவங்கல்லாம், ‘ஏனுங்க, பையன் மாமியார் ஊட்டோடயே போயிட்டானாட்ட இருக்குதுங்க’ன்னு கேக்கறப்ப, ‘இல்லீங்க, தனி ஊடுதானுங்க’ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிச் சொல்லி எனக்குத் தாடை வலிக்குது. போன தடவை வந்தப்ப நான் வச்ச கொள்ளுப்பருப்பைத் தின்னுட்டு, அத்தை இதுல கொஞ்சம் தேங்காய் அரைச்சு ஊத்துவாங்கன்னு சொன்ன பாரு. உனக்கு அது ஞாபகம்கூட இருக்காது. நான் அன்னைக்குப் பாத்திரம் கழுவின சத்தத்துல பக்கத்து ஊட்டு நாய் எந்திரிச்சு ஓடிப்போச்சு.

உங்கப்பா, மகன் என்ன துணியா, கெஜம் போட்டு இவளுக்கு இத்தனை அவளுக்கு இத்தனைன்னு அளக்கறதுக்குன்னு கேட்டார். முப்பது வருசமா துணியை அளந்தே பொழைக்கறவகிட்ட கேக்கற கேள்வியா இது? எனக்கு அளக்காம எதையும் எடுத்துக்கத் தெரியாது. அந்தப் பழக்கத்துல பண்ணின தப்பைத்தான் இப்ப சொல்ல வர்றேன்.

நீ கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம கம்பெனிக்கு ஒரு வீடியோ எடுத்தியே, இன்டர்நெட்ல நம்ம பக்கத்துல போடறதுக்குன்னு. பதினாறு மெஷினும் ஓடற மாதிரி, குழந்தைத் துணி தைக்கறது, செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம். எடுத்து வந்தப்ப ரெண்டு ஜி.பி.க்கு மேல இருக்குதுன்னு நீதான் சொன்ன. ரெண்டு நாள் கழிச்சு, முடிஞ்சதும்மா, அறுபது எம்.பி.க்குக் கொண்டு வந்துட்டேன்னு சந்தோசமா வந்து நின்ன. எனக்கு அதைக் கேட்டதும் பகீர்னுச்சு. நம்ம தொழில்ல ஆராவது நூத்தி எண்பது ஜி.எஸ்.எம். துணின்னு சொல்லி நூத்தி நாப்பது குடுத்தா என்ன பண்ணுவோம்? வட்டமா வெட்டி, தராசுல வச்சு, எடை குறைஞ்சா ரோலைத் திருப்பி அனுப்புவோம். எடை குறையறதுன்னா எனக்கு ஏமாத்தறதுன்னு ஒரே அர்த்தம்தான். ரெண்டு ஜி.பி.யை அறுபதாக்கினா மிச்சமெல்லாம் எங்கே போச்சு? என் மெஷின்ல எதை வெட்டிப் போட்ட? அத்தனை டெய்லருங்க முன்னாடி, அம்மா கம்பெனிக்கே ஜி.எஸ்.எம். குறைச்சுட்டியாடான்னு கத்தினேன். நீ எதையோ சொல்ல வந்த, நான் கேக்கல. முழுசா ஏத்துன்னேன். நீ ஒரு வார்த்தை பேசாம முழுசையும் ஏத்திட்டுப் போன.

அந்த வீடியோ நம்ம பக்கத்துல ரெண்டு வருசமா சுத்திக்கிட்டேதான் இருந்துச்சு. தொறந்தா நடுவுல ஒரு வட்டம் சுத்தும், அவ்வளவுதான். ஓடலைன்னு, நம்மகிட்டத் துணி வாங்கற வெளிநாட்டு பையர் ஒருத்தர் சொன்னார். அவங்க ஊர்ல நெட்டு சரியில்லையாட்ட இருக்குதுன்னு உங்கப்பாகிட்டச் சொன்னேன். வெளிநாட்டுல நெட்டு சரியில்லை, முதலிபாளையத்துல நெட்டு நல்லாருக்குன்னு சொன்னவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

அப்பத்தான் உன் மாமியாரும் அவங்க கம்பெனிக்கு இன்டர்நெட்ல ஒரு பக்கம் தொறந்தாங்க. எட்டே எட்டு மெஷின், குழந்தைங்க கவுன் தைக்கறாங்க. அதுக்கு நீ வீடியோ பண்ணிக் குடுத்திருக்கன்னு கௌசி எனக்கு லிங்க் அனுப்பினா. அமுத்தினேன். அமுத்தின வெரல் எடுக்கறதுக்குள்ள ஓடுது சாமி. கலர் பளிச்சுன்னு இருக்குது, கவுன்ல ஓரத்தையல்கூடத் தெரியுது. எனக்கு எப்படி இருந்திருக்கும்? பெத்தவளுக்குச் சுத்தற வட்டம், மாமியாருக்கு ஓடற வீடியோ! முழுசா ஏத்தச் சொன்னது நான்தாங்கறதே எனக்கு அப்ப மறந்து போச்சு. பொறாமை இருக்கறவளுக்கு வேணுங்கறது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். தினமும் டீ குடிக்கறப்ப அந்த வீடியோவைப் போட்டு, எங்கேயாவது குறை தெரியுதான்னு கண்ணாடி போட்டுக்கிட்டுத் தேடுவேன். செக்கிங் டேபிள்ல ஓட்டை தேடறதைவிட உசாராத் தேடினேன். ஒண்ணும் சிக்கல.

இனிமேல் சொல்றதைப் படிச்சிட்டுச் சிரிச்சுடாத. உன் மாமியார் பக்கத்துல கீழே, உங்கள் கருத்தை எழுதுங்கன்னு ஒரு பெட்டி இருக்குதே. அதுல வேற ஒரு பேரு போட்டு, ‘வீடியோ ஓடவில்லை’ன்னு எழுதினது நான்தான். ஆமா, நான்தான். பத்தாவது படிச்ச இங்கிலீஷ்ல தப்பில்லாம எழுதினேன். எழுதி முடிச்சதும் மனசுக்கு ஒரு குளிர்ச்சி. அந்த ஞாயித்துக்கெழமை நீ இங்க வர்றதா இருந்துச்சு. நாட்டுக்கோழி எடுத்து வச்சிருந்தேன். காலையில போன் பண்ணி, அத்தையோட வீடியோ ஓடலைன்னு ஒருத்தர் எழுதியிருக்காங்கம்மா, என்னன்னு பாக்கணும், அடுத்த வாரம் வர்றேன்னு சொல்லிட்ட. நான் எழுதின ஒத்தை வரிக்காக நாள் முழுக்க அங்கேயே உக்காந்துட்ட. தன் வினை தன்னைச் சுடும்னு சும்மாவா சொன்னாங்க? கோழியை நானும் உங்கப்பாவும்தான் தின்னோம். அவருக்கு விசயம் தெரியாது, இதைப் படிச்சாத்தான் தெரியும்.

சரி, இந்த வாரத்துக்கு வர்றேன். டென்மார்க்ல குழந்தைத்துணிக் கடை வச்சிருக்கற அந்தம்மா நம்மகிட்ட ரெண்டு தடவை சேம்பிள் வாங்கினாங்களே, அவங்க மெயில் போட்டிருந்தாங்க. தன்னோட கடைப் பக்கத்துல, இந்தத் துணியை ஆரு தைக்கறாங்கன்னு சின்னதா ஒரு வீடியோ போடணுமாம். புதன்கெழமை சாயங்காலத்துக்குள்ள ஏத்தணும், அம்பது எம்.பி.க்கு மேல அந்தப் பக்கம் வாங்காது. வீடியோ வர்ற கம்பெனிக்குத்தான் அடுத்த சீசன் வேலை. நம்ம பதினாறு மெஷினுக்கும் அதைத்தான் நம்பியிருக்கோம்.

ஒரு வீடியோ எடுக்க நமக்குத் தெரியாதான்னு நானே போனை எடுத்துக்கிட்டுக் கெளம்பிட்டேன். கேட்டுல ஆரம்பிச்சு, கட்டிங், தையல், செக்கிங்னு நடந்துக்கிட்டே பதினோரு நிமிசம். எல்லாருகிட்டயும் சிரிங்கன்னு சொல்லிக்கிட்டே போனேன், அதுவும் அதுல பதிவாயிருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா நாலு ஜி.பி. பையர் பக்கத்துல ஏத்தினேன், ஒரே செகப்பு எழுத்துல வேண்டாம்னுடுச்சு. செவ்வாக்கெழமை மத்தியானம் அது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு அடுத்தவங்களுக்குச் சொல்றவ, அளவு தெரியாம நின்னேன்.

இனி வீடியோ வேலைக்கு உன்னைக் கூப்பிடறதில்லைன்னு எனக்குள்ள ஒரு வைராக்கியம் வச்சிருந்தேன். அதை முழுங்கிட்டு உனக்குப் போன் போட்டேன். எடுத்தது உன் மாமியார். பாதயாத்திரைக்குப் போன் வேண்டாம்னு இங்கேயே வச்சிட்டு நடந்துட்டாருங்க சம்பந்தின்னு சொல்றாங்க. கௌசி போனுக்குப் போட்டா அணைச்சு வச்சிருக்கு. நீ பத்து வருசமா நம்ம வீதிக்காரங்களோட காவடி எடுத்துப் பழனிக்கு நடந்தவன். இந்த வருசம் குன்னத்தூர்க்காரங்களோட நடக்கறன்னே எனக்கு அப்பத்தான் தெரியும். முருகனையும் அவங்க பக்கம் இழுத்துட்டாங்களேன்னு நெனச்சேன்னா பார்த்துக்க.

வச்சுடலாம்னுதான் இருந்தேன். எதுக்குங்க கூப்பிட்டீங்க, ஏதாச்சும் அவசரமுங்களான்னு கேட்டாங்க. குரல்ல அத்தனை பதவிசு, எனக்கு அதுக்கும் எரிச்சல். ஒண்ணுமில்லீங்க, ஒரு வீடியோ குறைக்கணும்னு சொன்னேன். ‘அதுக்கென்னங்க சம்பந்தி, நான் சொல்றேன், நீங்க கம்ப்யூட்டர் முன்னாடி உக்காருங்க’ங்கறாங்க! எட்டு மெஷின் வச்சிருக்கறவ பதினாறு மெஷின் வச்சிருக்கறவளுக்குச் சொல்லிக் குடுக்கறா. வேற வழி? நீ பழைய கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிட்டுப் போன அந்த வீடியோ குறைக்கற இலவசச் செயலியைத் தொறந்துக்கிட்டு உக்காந்தேன்.

மொதல்ல நான் கேட்டதே சண்டைக்குத்தான். எடையைக் குறைச்சா தரம் குறையாதுங்களான்னு. குறையுமுங்க, ஆனா பாக்கறவங்க கண்ணுக்குத் தெரியாத எடத்துல குறைக்கணும்னாங்க. அப்பறம் கேட்டாங்க, துணியை மடிச்சுக் கவர்ல போடறப்ப அழுத்திக் காத்தை எடுத்துட்டுத்தானுங்களே அட்டைப்பெட்டிக்கு அனுப்பறோம், காத்தோட அனுப்பினா பத்துப் பெட்டி முப்பது பெட்டியாகும், அதுக்காகச் சட்டை பெருசாயிடுமான்னு. இத்தனை வருசமா பேக்கிங் பண்றேன், எனக்குத் தோணலையே.

ஒவ்வொண்ணா சொன்னாங்க. நான் எடுத்தது நாலு-கே, சுவரளவு டி.வி.யில பாக்கறதுக்கு. கடைக்கு வர்றவங்க கையில இருக்கற போன்லதான் பாப்பாங்க, அதனால ஆயிரத்தி எண்பதுக்கு எறக்குங்கன்னாங்க. செகண்டுக்கு அறுபது படம் ஓடுது, முப்பது போதும்னாங்க. பதினோரு நிமிசமெல்லாம் ஆரும் பாக்க மாட்டாங்க, ஒண்ணரை நிமிசத்துக்குள்ள முடிங்கன்னாங்க. எல்லா போன்லயும் ஓடற மாதிரி எச்.264ன்னு இருக்கறதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாங்க. வெப்புக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல டிக் போட்டாத்தான் முழுசும் வந்து சேர்றதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிக்கும். நம்ம பழைய வீடியோவுல வட்டம் சுத்தினதே, அது இதனாலயும்தான். அப்பறம் பிட்ரேட், ஒரு செகண்டுக்கு எவ்வளவு எடைன்னு வச்சுக்க. நம்ம ஜி.எஸ்.எம். மாதிரியேதான். அதைச் சொன்னதும் எனக்குப் பிடிபட்டுடுச்சு. நாலாயிரத்துல வச்சா ஒண்ணரை நிமிசத்துக்கு அம்பதுக்குள்ள அடங்கும்னு நானே கணக்குப் போட்டுச் சொன்னேன். அவங்களும் ஒரு தடவை பெருக்கிப் பாத்துட்டு, சரிதானுங்கன்னாங்க.

ஆனா கடைசியில ஒண்ணு சொன்னாங்க பாரு, அதுதான் எனக்குச் சுருக்குன்னுச்சு. நடந்துக்கிட்டே எடுக்காதீங்க சம்பந்தின்னாங்க. போன் அசையாம இருந்தா பின்னாடி இருக்கற சுவரு, ஜன்னலு எல்லாத்தையும் அது ஒரு தடவை எழுதி வச்சுட்டு, அசையறதை மட்டும்தான் மறுபடி எழுதுமாம். நாம நடந்தா மொத்தக் கட்டடமும் அசையறதா நெனச்சு எல்லாத்தையும் திரும்பத் திரும்ப எழுதுது, அம்பதுக்குள்ள அடக்கினா படம் கலங்கிப் போயிடும்னாங்க. அதனால பொழுதோட போனை ஒரு ஸ்டூல் மேல கட்டி வச்சு, அஞ்சு எடத்துல நிறுத்தி நிறுத்தி எடுத்தேன். ஆரையும் சிரிக்கச் சொல்லல. அவங்கவங்க வேலையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. பதினோரு நிமிசத்துல இருந்ததெல்லாம் ஒண்ணரை நிமிசத்துல வந்துடுச்சு.

புதன்கெழமை காலையில மறுபடி அவங்களையே கூப்பிட்டு, அவங்க சொல்லச் சொல்லப் பண்ணினேன். மொத தடவை எல்லாத்தையும் சரியா வச்சுட்டு அந்தப் பிட்ரேட்டை மாத்த மறந்துட்டேன், இருநூத்திப் பன்னெண்டு எம்.பி. ரெண்டாவதுல நாலாயிரத்துக்குப் பதிலா ஆறாயிரம்னு அடிச்சுட்டேன், அறுபத்தி நாலு. மூணாவது ஓடிக்கிட்டிருந்தப்ப, சும்மா இருக்க முடியாம வாயைக் கொடுத்தேன். உங்களுது எத்தனை எம்.பி.ங்க, எம்பையன் பண்ணிக் குடுத்ததுன்னு கேட்டேன். எம்பையன்ங்கறதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.

பதினெட்டுங்க, அவ்வளவுதான்னாங்க. ‘உங்களுதுக்கு மாப்பிள்ளை அறுபது வச்சாருங்களாமா. எங்கம்மா தையலை உத்து உத்துப் பாப்பாங்க, அவங்களுதைக் குறைக்க எனக்கு மனசு வரலைன்னு சொன்னாருங்க.’

பழைய கம்ப்யூட்டர்ல தேடினேன் கண்ணு. அம்மான்னு பேரு போட்டு அது அப்படியே இருக்குது, அறுபது எம்.பி. ரெண்டு வருசமா நான் தொறக்காதது. தொறந்தேன். பளிச்சுன்னு ஓடுது. ரெண்டாவது மெஷின்ல நான் உக்காந்து கழுத்துப்பட்டி தைக்கறேன், ஊசி ஏறி எறங்கறது தெரியுது. உன் மாமியாருக்குக் குடுத்ததைவிட மூணு மடங்குக்கு மேல எனக்குக் குடுத்திருக்க. அதைத்தான் நான் அத்தனை பேர் முன்னாடி ஏமாத்து வேலைன்னு சொன்னேன்.

நான் இதைத் தொறந்து பாக்கறது அவங்களுக்குத் தெரியல போல, பேசிக்கிட்டே இருந்தாங்க. இப்பல்லாம் அவங்க வீடியோவை அவங்களேதான் பண்றாங்களாம். ஆரோ ஒருத்தங்க ஓடலைன்னு எழுதினாங்களே, அந்த ஞாயித்துக்கெழமை, நாள் முழுக்கப் பார்த்துட்டு ஒரு பழுதும் இல்லைன்னதும், இனி நீங்களே பாத்துக்குங்க அத்தைன்னு சாயங்காலம் உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தியாமே. எனக்கு மறுபடி பத்திக்கிச்சு. நான் எழுதின வரியால அவங்களுக்குப் பாடமா! எனக்கு ஒரு நாளும் சொல்லிக் குடுக்கலையேங்க அவன்னு கேட்டுட்டேன்.

அவங்க மெதுவாச் சொன்னாங்க. ‘நானும் மாப்பிள்ளைகிட்ட அதைக் கேட்டேனுங்க சம்பந்தி. எங்கம்மாவுக்கு வெட்டத் தெரியும், தைக்கத் தெரியும், பையர்கிட்ட பேசத் தெரியும், வண்டி ஓட்டத் தெரியும். நான் இல்லீன்னா நடக்காதுன்னு அந்த ஊட்டுல இருந்தது இந்த ஒரு வேலைதான் அத்தை. அதையும் சொல்லிக் குடுத்துட்டா அப்பறம் என்னைக் கூப்பிடவே மாட்டாங்கன்னு சொன்னாருங்க.’

நான் போனை வச்சிட்டு அயர்னிங்காரரை ஒரு காரணமும் இல்லாம ரெண்டு திட்டு திட்டினேன். பாவம் அந்த மனுசன். கம்ப்யூட்டர்ல மூணாவது முடிஞ்சிருந்துச்சு, நாப்பத்தி மூணு. ஏத்தினேன், செகப்பு எழுத்து வரல. நேத்து டென்மார்க்ல இருந்து அந்தம்மா மெயில் போட்டிருக்காங்க. கழுத்துப்பட்டித் தையல் அழகாத் தெரியுது, அடுத்த சீசனுக்கு அளவு அனுப்பறேன்னு. பதினாறு மெஷினும் ஓடும். உன் மாமியாருக்குப் போன் பண்ணிச் சொன்னேன், சந்தோசமுங்கன்னாங்க. அந்தக் கருத்துப் பெட்டி விசயத்தை மட்டும் சொல்லல. இந்தக் கடுதாசியை அவங்க படிக்கறப்ப நான் நேர்ல இல்லாம இருக்கறது நல்லது.

புத்தி சொல்ற வயசு எனக்கு, கேக்கற வயசு உனக்கு இல்ல. ஆனாலும் ஒண்ணு. கூப்பிட்டாத்தான் வரணும்னு இருக்காத சாமி. நான் கூப்பிடறவ இல்லைன்னு உனக்கு இருவத்தொம்பது வருசமாத் தெரியும். நீ சின்னதுல காய்ச்சல்ல கெடந்தப்பகூட, அம்மா வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லிட்டு முந்தானையைப் புடிச்சுக்குவ. அந்தப் புத்தி எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச? நாளைக்குக் கௌசிகிட்டயும் இப்படி வாயை மூடிக்கிட்டு நிக்காத, அவளுக்கும் அளக்கற கை இருக்கும். பொறாமை எனக்கு இன்னும் போகல. போகும்னு பொய் சொல்ல மாட்டேன். அவங்க கொள்ளுப்பருப்புக்குத் தேங்காய் அரைச்சு ஊத்தறதை நான் ஒத்துக்கவே போறதில்ல.

நேத்து சாயங்காலம் போனை எடுத்துக்கிட்டு மறுபடி கேட்டுல ஆரம்பிச்சு நடந்தேன். கை ஆட ஆட, எல்லாரையும் சிரிக்கச் சொல்லி, பதினோரு நிமிசம். கரெக்டா நாலு ஜி.பி. வந்திருக்குது. எனக்குக் குறைக்கத் தெரியும், அது உனக்கும் இப்பத் தெரியும். ஆனா அதைத் தொடாம வச்சிருக்கேன். ஞாயித்துக்கெழமை கோழி எடுக்கறேன், கௌசியையும் கூட்டிக்கிட்டு வந்து குறைச்சுக் குடு. இந்தத் தடவை எவ்வளவு வேணும்னாலும் குறைச்சுக்க, நான் ஒண்ணும் சொல்லல.

அம்மா